கொட்டகையில் கொதிக்காத எண்ணெய்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் பெயின்ட் தொழிலைத் தாங்கிப் பிடித்தது உள்நாட்டார் கொட்டகையா, வெள்ளைக்காரர் ஆலையா?" இதுதான் தலைப்பு. ஆலையே என்று பேச வந்திருக்கிறேன். கைதட்டல் எல்லாம் எதிரணிக்குத்தான் விழும், தெரிந்தேதான் வந்தேன்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? போரால் பெயின்ட் இறக்குமதி தடைபட்டது, 1942-இல் பம்பாயில் நான்கு நண்பர்கள் ஒரு கார் கொட்டகையில் ஏஷியன் பெயின்ட்ஸைத் தொடங்கினார்கள், அதுவே தொழிலின் பிறப்பு என்றார். தொடங்கினார்கள், உண்மை. பிறப்பு என்பதைத்தான் ஒப்பமாட்டேன். ஹவுராவில் ஷாலிமார் ஆலை எழுந்தது 1902-இல். கல்கத்தாவில் ஜென்சன் அண்ட் நிக்கல்சன் 1922. ஹேட்ஃபீல்ட்ஸ் 1923-இல் ஹவுராவில் இரண்டே ஏக்கரில் வந்தது. பம்பாயில் குட்லாஸ் வால். முதலாளிகள் எல்லோரும் பிரிட்டிஷ்காரர்கள். 1942-இல் கொட்டகைக் கதவு திறந்தபோது ஹவுராவில் 40 வருடமாக எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது ஐயா.

போர்க்காலத்தில் பெயின்ட் கேட்டது யார்? பாலம், ரயில் வேகன், கப்பல், ராணுவ லாரி. எல்லாம் இரும்பு. வீட்டுச் சுவருக்கு டிஸ்டெம்பர் போதும்: சுண்ணாம்புத் தூள், பசை, கொஞ்சம் நிறம். அதற்கு அடுப்பே வேண்டாம், கொட்டகையிலேயே கலக்கலாம். இரும்புக்கு அது ஆகாது, முதல் மழையில் கரைந்து ஓடும்.

இரும்புக்கு அன்று ஈயச் செந்தூரப் பிரைமர், அதாவது ஈயத்தின் சிவப்பு ஆக்சைடு கலந்த முதல் பூச்சு. ஒரு கேலன் ஆளிவிதை எண்ணெய்க்குச் சுமார் 25 பவுண்டு செந்தூரம். அந்த ஈயம் எண்ணெயின் அமிலத்தோடு சேர்ந்து சோப்பாக மாறும். அந்த ஈயச் சோப்புதான் துருவைத் தடுக்கிறது. அதே சோப்பால் கலவை டின்னிலேயே இறுகியும் போகும். அதனால் வேலை நடக்கும் இடத்தில், அன்றன்றைக்குத்தான் கலப்பார்கள்.

இந்தியாவுக்கு ஈயம் பெருமளவில் வந்தது பர்மாவின் பாட்வின் சுரங்கத்திலிருந்து. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, சில வாரங்களில் சுரங்கமும் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. "செங்காவியைப் போட்டால் என்ன?" என்று நண்பர் கேட்டார். போடலாம். ஆனால் செங்காவி வெறும் இரும்பு ஆக்சைடு, எண்ணெயோடு சேராது, சோப்பு தராது, வெறும் நிறமாகக் கிடக்கும். அப்போது காவல் வேலை முழுக்க எண்ணெய் தலையில் விழுகிறது. அதை வார்னிஷாகக் காய்ச்சிக் கெட்டிப்படுத்தியே ஆக வேண்டும்.

காய்ச்சுவது என்றால் நம் வீட்டு அண்டா இல்லை. சக்கரம் வைத்த வண்டிமேல் கொப்பரை, கீழே நெருப்பு. எண்ணெய் நுரைத்துப் பொங்கும்போது கொப்பரையை வண்டியோடு நெருப்பிலிருந்து இழுத்துவிட வேண்டும். தாமதித்தால் கொட்டகையே எரியும். சீக்கிரம் உலர மிருதாரசிங்கி என்ற ஈய ஆக்சைடோ கோபால்ட் உப்போ சேர்ப்பார்கள். கை தாராளமானால் மேலே தோல் கட்டும், அடி ஈரமாகவே நிற்கும், இரண்டு நாளில் சுருங்கிக் கிழவி முகமாகிவிடும்.

இதைவிடப் பொல்லாதது டங் எண்ணெய், ஒரு சீன மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது. சீக்கிரம் உலரும், தண்ணீருக்கு அசையாது, கப்பல் வார்னிஷுக்கு அதை அடிக்க வேறில்லை. சுமார் 280 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிந்தினால் கொப்பரைக்குள்ளேயே ஜெல்லாகிவிடும், உளியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். தப்பிக்க வழி, சரியான நொடியில் குளிர்ந்த எண்ணெயை ஊற்றுவது. டங் எண்ணெய் பெரும்பாலும் வந்தது சீனாவிலிருந்து. 1938 அக்டோபரில் அங்குள்ள ஹாங்கோ நகரம் ஜப்பானியரிடம் விழுந்ததும் வரத்து சுருங்கியது. ரங்கூன் போனதும், சீனாவுக்கும் பர்மாவுக்கும் இடையிலிருந்த பர்மா ரோடும் மூடியது.

உடனே நண்பர், "நம்மூர் ஆமணக்கு இருந்ததே" என்றார். இருந்தது. மாற்று எண்ணெயும் அதிலிருந்துதான். ஆனால் ஆமணக்கெண்ணெய் தானாக உலராது. அமில ஊக்கி சேர்த்து, மூடிய கலத்தில் வெற்றிடம் வைத்து, 250 டிகிரி அளவில் அதிலிருந்து நீரைப் பிரித்தால்தான் உலரும். அரைகுறையாகப் பிரித்தால் படலம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். கார் நிறுத்தும் இடத்தில் வெற்றிடக் கலம் எங்கே ஐயா?

அவர் கடைசியாக எடுத்த ஆயுதம் மணவாளக்குறிச்சி மணல். அதில் இல்மனைட் என்ற டைட்டானியக் கனிமம் உண்டு. "நம் இல்மனைட்டை அள்ளிப்போய் வெள்ளை நிறமியாக்கி நமக்கே விற்றார்கள்" என்றார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் மணல் நம் காலடியில் கிடந்தும் நாம் ஏன் வெள்ளையாக்கவில்லை? அடர் கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பைப் பிரித்து, நீரோடு கொதிக்கவைத்து வெள்ளையாகப் படியச் செய்து, 900 டிகிரி அளவில் சுட வேண்டும். இரும்பு துளி தங்கினாலும் வெள்ளை பழுப்பாகும். போர் முடிந்து 1946-இல் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனத்தைச் சமஸ்தானம் தொடங்கியபோதுகூட, தொழில்நுட்பத்துக்கு பிரிட்டிஷ் டைட்டன் கம்பெனியிடம்தான் போயிற்று.

லாபம் லண்டன் போனது, மறைக்கவில்லை. 1947-இல் ஹேட்ஃபீல்ட்ஸை வாங்கியதும் இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனிதான். ஆனால் தலைப்பு லாபம் யாருக்கு என்பதல்ல, தொழிலைத் தாங்கியது யார் என்பது. அடுத்து எதிரணியில் பேச வருபவருக்கு ஒரே கேள்வி: 1942-இல் ஈயமும் இல்லை, டங் எண்ணெயும் இல்லை, ஒரு ரயில்பாலத்துக்குப் பிரைமர் வேண்டும். அந்தக் கொட்டகையில் எண்ணெயை எதில் காய்ச்சுவீர்கள்?