காற்றுப் பிரிகிறதா? குடல் அடைப்பும் அறுவை சிகிச்சையும்

[காட்சி: காரைக்குடி வீடு ஒன்றின் முற்றம். நாலு பக்க ஓட்டிலிருந்தும் மழை கொட்டுகிறது.]

வணக்கம். நம்ம செட்டிநாட்டு வீடுகளில் கூரைத் தண்ணீர் எல்லாம் முற்றத்தில் விழுந்து, தூம்பு வழியாக வெளியே ஓடும். அந்தத் தூம்பில் ஒரு கந்தல் துணி சிக்கிக்கொண்டால்? மழை நிற்காது, தண்ணீரும் போகாது. முற்றம் நிறைந்து பட்டாலை வரைக்கும் ஏறிவிடும்.

குடல் அடைப்பும் இப்படித்தான். சாப்பிடுவது, குடிப்பது போக, எச்சில், இரைப்பை நீர், பித்தம் என்று உடம்பே ஒரு நாளைக்குச் சுமார் 7 லிட்டர் நீரைக் குடலுக்குள் விடுகிறது. வழக்கமாக அதில் பெரும்பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அடைத்துவிட்டால் அத்தனையும் தேங்கும். வயிறு உப்பும், விட்டு விட்டு முறுக்கி வலிக்கும், பச்சையாக வாந்தி வரும். மலமும் போகாது, காற்றும் பிரியாது.

அந்தக் கடைசி அறிகுறியைத்தான் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

தேவகோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆச்சியைக் கூட்டி வந்தார்கள். "ஆத்தாவுக்குக் கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கலை டாக்டர். விளக்கெண்ணெய் கொடுத்தோம், கேக்கலை" என்றார் மகன். "காத்துப் பிரியுதா ஆச்சி?" என்று கேட்டேன். "முந்தாநாள்லேருந்து இல்லை தம்பி." நர்ஸை வைத்துக்கொண்டு பரிசோதித்தபோது, தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு வீக்கம். தொட்டாலே வலி. நாலு வருஷமாக இருக்கிறதாம். "இதையெல்லாம் யாருகிட்ட தம்பி சொல்றது?" என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அது குடலிறக்கம் (ஹெர்னியா), அதாவது வயிற்றுச் சுவரின் பலவீனமான இடம் வழியாகக் குடல் வெளியே பிதுங்குவது. ஆண்களுக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். தொடை மடிப்புக்குக் கீழே வரும் வகை வயதான பெண்களிடம் அதிகம். அதன் வாய் குறுகல் என்பதால் குடல் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும்.

வேறு காரணங்களும் உண்டு. வயிற்றில் முன்பு ஆபரேஷன் நடந்திருந்தால், உள்ளே நார் போன்ற தழும்பு உருவாகிக் குடலைக் கட்டிப்போடும். கர்ப்பப்பையோ குடல்வாலோ எடுத்து இருபது வருஷம் ஆனவருக்கும் இது வரலாம். பெருங்குடல் தன்னையே முறுக்கிக்கொள்ளலாம், புற்றுநோய்க் கட்டி வழியை மறிக்கலாம், காசநோய் குடலைச் சுருக்கலாம். கைக்குழந்தைகளுக்குக் குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளும். குழந்தை காலை மடக்கி வீறிட்டு அழும், மலத்தில் ரத்தம் வரும். சீக்கிரம் கொண்டு வந்தால், ஆசனவாய் வழியாகக் காற்று செலுத்தியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

[காட்சி: கண்டாங்கிச் சேலையின் கொசுவம்.]

அடைப்பு ஏன் உயிருக்கே ஆபத்தாகிறது? கொசுவத்தைப் பாருங்கள். இடுப்பில் ஒரு பிடி, கீழே விரிந்த கரை. குடலைத் தாங்கும் சவ்வும் அப்படித்தான். முதுகோடு ஒட்டியிருக்கும் இடம் 15 சென்டிமீட்டர். கரையில் இருப்பதோ சுமார் 6 மீட்டர் குடல். ரத்தக் குழாய்கள் எல்லாம் அந்த மடிப்புகளுக்குள்தான் ஓடுகின்றன. முறுக்கோ இறுக்கமோ அவற்றை நெரித்தால், சில மணி நேரத்தில் குடல் கறுத்து அழுகத் தொடங்கும். விட்டு விட்டு வந்த வலி விடாமல் வலித்தால், காய்ச்சல் வந்தால், நாடி வேகமாக ஓடினால், அந்தக் கட்டம் வந்துவிட்டதோ என்றுதான் நாங்கள் பயப்படுவோம்.

மருத்துவமனைக்கு வந்ததும் வாயால் ஒன்றும் தரமாட்டோம். மூக்கு வழியாக டியூப் போட்டுத் தேங்கியதை வெளியே எடுப்போம், டிரிப் ஏற்றுவோம், எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுப்போம். பழைய தழும்பால் வந்த அடைப்பு, நெரிபடவில்லை என்றால், மூன்று நாள் வரை பொறுத்துப் பார்க்கலாம். பலருக்குக் கத்தி வைக்காமலே திறந்துகொள்ளும். நெரிபட்டிருந்தால் காத்திருக்க முடியாது.

ஆபரேஷனில் முதல் வேலை நாரை வெட்டுவது, சிக்கியதை விடுவிப்பது, முறுக்கைப் பிரிப்பது. அப்புறம் ஒரு காத்திருப்பு. கறுத்த குடலின் மேல் வெதுவெதுப்பான ஈரத் துணியைப் போட்டுச் சில நிமிடம் பொறுத்திருப்போம். இளஞ்சிவப்பு திரும்பி, குடல் நெளிந்தால் பிழைத்தது. திரும்பாவிட்டால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, நல்ல முனைகளை இணைப்போம். இணைக்க ஏற்ற நிலை இல்லை என்றால், முனையை வயிற்றின் மேல் திறந்து பை வைப்போம். பையைப் பார்த்துக் குடும்பங்கள் கலங்கிப் போகின்றன. பலருக்கு அது சில மாதங்களுக்குத்தான். பிறகு உள்ளேயே இணைத்துவிடலாம்.

இந்த அறிகுறிகள் இருந்தால் விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுக்காதீர்கள். அடைபட்ட குடலை அது இன்னும் முறுக்கும். 108-ஐ அழையுங்கள். வழியில் சோடாவும் வேண்டாம். கடைசியாகக் காற்றுப் பிரிந்தது எப்போது, பழைய ஆபரேஷன் என்ன, எங்கேனும் வீக்கம் உண்டா, இந்த மூன்றையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அந்த ஆச்சிக்கு அன்றிரவே ஆபரேஷன் செய்தோம். ஒரு சாண் குடல் போய்விட்டது. நாலாம் நாள் காலை ரவுண்ட்ஸ் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார்: "தம்பி, காத்துப் பிரிஞ்சிருச்சு!"