நாற்காலியைத் தரையோடு முடுக்காதீர்கள்

(தஞ்சையில் நாடக மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத்துக்கு அரங்கு என்றதும் நாற்காலிகளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கி, எதிரே உயரமாக மேடை கட்டி, வெல்வெட் திரையைத் தொங்கவிடுகிறோம். பட்டமளிப்பு விழாவுக்கு அது போதும். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கத் துடிக்கிற பிள்ளைகளுக்கு அது ஆகாது. அவர்களுக்கு ஒரு வெற்று அறை வேண்டும். கறுப்புச் சுவர், மேடு பள்ளம் இல்லாத தரை, நாலு பேர் தூக்கி நகர்த்தக்கூடிய மேடைப் பலகைகள். இன்று சனம் சுற்றி உட்காரும். நாளை இரு பக்கமும் எதிரெதிரே உட்காரும். போலந்தில் நாடக இயக்குநர் குரோட்டோவ்ஸ்கி 1959இல் பொறுப்பேற்ற சிறு குழு, நாடகத்துக்கு நாடகம் பார்வையாளரின் இடத்தையே மாற்றியது.

நமக்கும் இது புதிதல்ல. தஞ்சைப் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்துக்கு, வரதராஜப் பெருமாள் கோயிலின் முன்புறமே அரங்கு.

புகாரில் மாதவி ஆடிய அரங்கைச் சிலப்பதிகாரம் அளந்தே சொல்கிறது. 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். கோல் என்றால் 24 விரல். என்னைக் கட்டிப்போடுவது அந்த அளவல்ல, விளக்கு. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்தார்களாம்! நம் ஹால்களில் ஸ்பாட் லைட்டுக்கும் நடிகருக்கும் நடுவே சீலிங் ஃபேன் சுற்றுகிறது. அழுகிற முகத்தின் மேல் இறக்கை நிழல் வெட்டி வெட்டி ஓடுகிறது. ஃபேனை நிறுத்தினால் சித்திரை வெக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். ஓடவிட்டால் மெல்லச் சொல்லும் வசனம் பின்வரிசைக்கு எட்டாது.

ஆகவே பணத்தை முகப்பு வளைவில் கொட்டாமல் கூரையில் போடுங்கள். அறை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய் கட்டினால் விளக்கை எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம். சத்தமில்லாத ஏசி, விளக்குக்குத் தனி மின் இணைப்பு, குதித்து விழும் முழங்காலைக் காக்க மரத்தரை. கிரானைட் வேண்டவே வேண்டாம்.

சாவி நாடகத்துறையின் கையில் இருக்கட்டும். வகுப்பு விட்ட பிறகுதான் ஒத்திகை சூடு பிடிக்கும். அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் பூட்ட வந்து நிற்கக் கூடாது. தேர்வுக் காலத்தில் விடைத்தாள் கட்டுகளை அடுக்க அந்த அறையைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.