திரையில் நடிப்பவர் தொழிலாளியே! (பட்டிமன்ற உரை)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணாச்சிமாரே, என் அணித் தலைவர் அவர்களே, கோயில் கொடை முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம பாயை விரிச்சு உக்காந்திருக்கிற முக்கூடல் தாய்மாரே, பெரியவங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் நடிக்கிறவர் கலைஞரா, தொழிலாளியா"ன்னு நமக்குத் தலைப்பு குடுத்திருக்காவ. எனக்கு முன்னால பேசின அண்ணாச்சி, "ஒரு கலைஞனைத் தொழிலாளின்னு சொல்லி இறக்கிப்புடாதீங்க, கலைக்குக் கூலி பேசக்கூடாது"ன்னு சொன்னாவ. கைத்தட்டும் வாங்கினாவ. அவுக தமிழ் மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா அந்தச் சொல்லை அவுக எந்த ஊர்ல நின்னு சொல்லுதாவ? முக்கூடல்ல! எதிர்ல இருக்கிற மதினிமார்ல எத்தனை பேர் சாயங்காலம் வரைக்கும் மடியில தட்டை வச்சு பீடி சுத்திட்டு, கையைக் கழுவிட்டு இங்க வந்திருக்காவ! எங்கம்மையும் பீடி சுத்தித்தான் என்னை வாத்தியாருக்குப் படிக்க வச்சா. தொழிலாளின்னு சொன்னா எங்க ஊர்ல யாரும் இறங்கிப் போறது இல்லை அண்ணாச்சி.

1966-ல பீடித் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் பாஸ் புக், பி.எஃப்., போனஸ்னு ஒண்ணொண்ணாக் கேட்டு வாங்கினாவ. இந்த முக்கூடல்லயே பீடித் தொழிலாளர்களுக்குன்னு மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கு. "நீங்க கைவினைக் கலைஞர்"னு ஒரு பட்டத்தைக் குடுத்து அனுப்பியிருந்தா இதுல எது கிடைச்சிருக்கும்? அதனாலதான் நான் எங்க ஊரு ஆளுங்களோட வரிசையில நடிகரையும் கொண்டுவந்து நிறுத்துதேன்.

ஒரு தொடர்ல நடிக்கிற பொண்ணோட நாள் எப்படிப் போவுதுன்னு பாருங்க. வளசரவாக்கத்துலயோ போரூர்லயோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஷூட்டிங் நடக்கும். விடியுமுன்ன எந்திரிச்சு மேக்கப்புக்குப் போய் உக்காரணும். இன்னைக்கு என்ன வசனம்னு நேத்தே தெரியாது. சீன் பேப்பர் பலநாள் அங்க வந்துதான் கைக்குக் கிடைக்கும். கேமராவுக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னு வசனத்தை எடுத்துக் குடுப்பாரு. அந்தச் சத்தத்தைக் காதுல வாங்கிக்கிட்டே, அதே நேரத்துல மாமியாரை முறைச்சுப் பாக்கணும், கண்ணு கலங்கணும், மேல வெளிச்சம் விழுற இடத்தை விட்டு ஒரு அடி தள்ளிப் போயிரக் கூடாது. இப்படி ஒரு நாளைக்கு எத்தனையோ சீன். ராத்திரி வரைக்கும் இழுக்கும்.

சேலை, நகை எல்லாம் பல தொடர்ல நடிக்கிறவங்களோட சொந்தச் செலவு. கட்டின சேலையைத் திரும்பக் கட்டினா பாக்கிற ஜனம் கண்டுபிடிச்சிரும்னு புதுசு வாங்கணும். அதே சீன் மறுநாளும் நீண்டா, கண்டினியூட்டிக்காக, அதாவது முந்தின நாள் எடுத்ததோட காட்சி ஒட்டிப் போறதுக்காக, அதே சேலையைத் துவைச்சுத் தேய்ச்சு எடுத்துட்டு வரணும். மாசத்துக்கு இத்தனை நாள்னு கால்ஷீட் பேசியிருப்பாவ. கதை வேற பக்கம் திரும்பிட்டா அந்த நாள் பாதியாக் குறையும். 'ட்ராக்', அதாவது கதையில அவ வர்ற பகுதி, முடிஞ்சிட்டா அந்தக் கதாபாத்திரம் வெளிநாடு போயிரும், இல்லைன்னா சுவத்துல போட்டோ மாட்டி மாலை போட்டிருவாவ. கதையில அது ஒரு திருப்பம். அந்தப் பொண்ணு வீட்ல அடுத்த மாச வாடகைக்கு வழியில்லை. செஞ்ச வேலைக்கான பணமாவது உடனே வருதான்னா, ஒளிபரப்பாகி மாசக்கணக்குல காத்துக் கிடந்து வாங்குறவங்க இருக்காவ.

எதிரணியில அண்ணாச்சி இன்னொண்ணும் சொன்னாவ: "ஒரு கலைஞன் இடத்துல இன்னொரு கலைஞனை வைக்க முடியாது"ன்னு. தாய்மாரே, நீங்க சொல்லுங்க. "இவருக்குப் பதில் இவர்"னு ஒரு வரியை நாம எத்தனை தொடர்ல பாத்திருக்கோம்! நேத்து வரைக்கும் அந்த வீட்டு மூத்த மருமகளா இருந்தவளுக்குப் பதிலா இன்னைக்கு வேறொரு முகம். ஒரு வாரத்துல நாமளும் பழகிருதோம். சம்பளம் கூட்டிக் கேட்டதுக்காகப் போனாளா, பிரசவத்துக்காகப் போனாளா, மேலுக்கு முடியாமப் போனாளா, யாருக்குத் தெரியும்?

"சங்கரதாஸ் சுவாமிகளைப் பாருங்க, அவரு கலைக்காகவே வாழ்ந்தாரு"ன்னு சொன்னாவ. சுவாமிகள் நம்ம பக்கத்துக்காரர், தூத்துக்குடிக்குப் பக்கத்துல காட்டுநாயக்கன்பட்டியில 1867-ல பிறந்தவர். உப்பளக் கணக்கர் வேலையை விட்டுட்டு நாடகத்துக்கு வந்தவர். அவரைக் கும்பிடுதேன். ஆனா அவரு காலத்து நாடகக் கம்பெனிகளுக்குப் பிள்ளைகள் எப்படி வந்தாவ? எம்.ஜி.ஆரும் அவரு அண்ணன் சக்கரபாணியும் சின்ன வயசுல மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில சேர்ந்தது வீட்டுல இருந்த வறுமையினால. மூணு வேளைச் சோறு கிடைக்கும்னு பிள்ளையை நாடகத்துக்கு அனுப்பின தாய்மார் இந்தத் தமிழ்நாட்டுல எத்தனையோ பேர். வயித்துக்காக உள்ளே வந்த பிள்ளைகள், அடிவாங்கிப் பாடம் பண்ணி, அதுக்குப் பிறகு பெரிய கலைஞர்கள் ஆனாவ. முதல்ல வந்தது பசி.

நம்ம வல்லநாட்டுல பிறந்த தில்லி கணேஷை எடுத்துக்கிடுங்க. விமானப்படையில பத்து வருஷம் வேலை பாத்தவரு. டெல்லியில நாடகத்துல நடிச்சு, பாலசந்தர் கையால சினிமாவுக்கு வந்தாரு. 400 படத்துக்கு மேல நடிச்சு, தொடர்களும் நடிச்சு, 2024 நவம்பர்ல, 80 வயசுல காலமானாரு. அந்த 400-ல பெரும்பாலானதுல அவரு அப்பா, மாமா, கணக்குப்பிள்ளை, சமையல்காரரு. போஸ்டர்ல அவரு முகம் இருக்காது. ஆனா அவரு நிக்காத கல்யாண வீடு தமிழ் சினிமாவுல இல்லை. தினம் நேரத்துக்குப் போறது, குடுத்த வேலையைச் சுத்தமாச் செய்றது, அடுத்த வேலைக்குக் கிளம்புறது. அவரைக் கலைஞர் இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். அவரு கலை நமக்குக் கிடைச்சது அவரு வேலைக்குப் போனதாலதான்.

பணகுடிப் பக்கத்துல இருந்து போன நகைச்சுவை நடிகர் நெல்லை சிவா இருந்தாரு. நம்ம ஊருப் பேச்சை ஒரு எழுத்துகூட மாத்தாமப் பேசினவரு. சென்னையில எழுதின வசனத்துல "ஏலே"ன்னு நாலு இடத்துல சேர்த்துட்டு அதை நெல்லைத் தமிழ்னு சொல்லுவாவ. அவரு வாயில வந்தாத்தான் அது நம்ம தமிழா இருக்கும். ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போவாரு, ஆனா மறக்காது. 2021 மே மாசம், கொரோனா காலத்துல, சொந்த ஊர்ல மாரடைப்பால இறந்தாரு.

அடுத்த பேரைச் சொல்லாம இந்த மேடையில இருந்து நான் இறங்கக் கூடாது. நெல்லை தங்கராஜ். நம்ம ஊருக் கொடைகள்ல பெண் வேஷம் கட்டி ராத்திரி முழுக்க ஆடின கூத்துக் கலைஞர். 2018-ல வந்த 'பரியேறும் பெருமாள்' படத்துல கதாநாயகனோட அப்பாவா வந்தவரு. சட்டக் கல்லூரி வாசல்ல அவரை அவமானப்படுத்துற காட்சியைப் பாத்துட்டு நான் ராத்திரி தூங்கலை. தமிழ்நாடே அவரைக் கொண்டாடுச்சு. கலைஞன், மகா கலைஞன்னு எல்லாரும் எழுதினாவ. அந்தக் கொண்டாட்டம் நடந்த பிறகும் அவரு கூலி வேலைக்குத்தான் போனாரு. இடிஞ்ச வீட்ல இருந்தாரு. அது செய்தியா வந்த பிறகுதான் மாவட்ட நிர்வாகமும் நல்ல மனசுக்காரங்களும் சேர்ந்து ஒரு வீட்டுக்கு வழி பண்ணினாவ. 2023 பிப்ரவரியில போயிட்டாரு. அண்ணாச்சி, அவருக்குக் கலைஞர்ங்கிற பேரை நாம குடுக்காமலா இருந்தோம்? தாராளமாக் குடுத்தோம். வேலை செஞ்சவருக்குச் சேர வேண்டியதுன்னு ஒண்ணு இருக்கே, அதை யாரு குடுத்தா?

இப்ப சட்டத்துக்கு வாறேன். நடுவர் ஐயா வக்கீல், நான் தப்பாச் சொன்னா மறிச்சுச் சொல்லுங்க. 1981-ல நாடாளுமன்றம் சினிமாத் தொழிலாளர் சட்டம் போட்டுச்சு. சினிமாத் தொழிலாளின்னா யாருன்னு விளக்கம் எழுதும்போது முதல்ல வைக்கிறது யாரை? லைட் தூக்குறவரை இல்லை, நடிகரை! ஆனா அதுல ஒரு சம்பள வரம்பு போட்டாவ, அதுவும் கதைப்படத்துக்கு மட்டும்னு சொன்னாவ. தொடர்ல நடிக்கிறவங்க வெளியே நின்னாவ. 2020-ல வந்த தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு டி.வி. தொடர், இணையத் தொடர் எல்லாத்தையும் உள்ளே கொண்டுவந்துச்சு.

கலைஞர்களுக்குன்னு இருக்கிற சட்டம் பதிப்புரிமைச் சட்டம். 2012-ல அதைத் திருத்தி, ஒருத்தர் நடிப்பை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினா அவருக்கு ராயல்டி உண்டுன்னு எழுதினாவ. பாடகர்கள் சங்கம் வச்சு அதை வசூல் பண்ணவும் ஆரம்பிச்சிட்டாவ. நடிகர்களுக்கு? காமெடிக் காட்சியை டி.வி.யில காலையும் மாலையும் போடுதாவ. அதுல அடிவாங்கி விழுற மனுஷனுக்கு எவ்வளவு போவுது? அதே சட்டத்துல இன்னொரு வரி இருக்கு. படத்துல போற போக்குல வந்து, டைட்டில்ல பேர் வராத நடிகரை ராயல்டிக்கு உரிய நிகழ்த்துநரா, அதாவது கலையை நிகழ்த்துற கலைஞராக் கருத வேண்டாம்னு! கல்யாணப் பந்தியில உக்காந்தவரு, சந்தைக் காட்சியில காய்கறிக் கூடை தூக்கினவரு, நாள் சம்பளத்துக்கு ஏஜென்ட் கூட்டிட்டு வந்த துணை நடிகர், இவங்களையெல்லாம் கலைச் சட்டம் வாசல்லயே நிறுத்திருச்சு. தொழிலாளர் சட்டம்தான் 'நீயும் வா'ன்னு சொல்லுது.

அமெரிக்காவுல 1960-ல நடிகர்கள் வேலைநிறுத்தம் பண்ணினாவ. அப்ப அவங்க சங்கத் தலைவர் ரொனால்ட் ரீகன், பின்னால அந்த நாட்டுக்கே அதிபர் ஆனவர். அந்தப் போராட்டத்துலதான் சினிமாவை டி.வி.யில போட்டா நடிச்சவருக்குப் பங்கு, ஓய்வூதியம், மருத்துவ நிதி எல்லாம் வந்துச்சு. 2023-ல மறுபடியும் 118 நாள் வேலைக்குப் போகாம நின்னாவ. தங்களைத் தொழிலாளின்னு சொல்லிக்கிட்டதால அவங்க நடிப்பு கெட்டுப் போச்சா?

"கோடி கோடியா வாங்குதாவளே, அவங்களா தொழிலாளி"ன்னு அடுத்து வரப்போற தம்பி கேக்கப் போறாரு, எனக்குத் தெரியும். தம்பி, 2015 நடிகர் சங்கத் தேர்தல்ல ஓட்டு இருந்தவங்க 3,000 பேருக்கு மேல. அதுல நாடக நடிகர்கள் ஏராளம். அந்த 3,000-ல நமக்கு முகம் தெரிஞ்சவங்க எத்தனை பேர்? கோடி வாங்குறவங்க எத்தனை பேர்? நாலஞ்சு பேரோட சம்பளத்தை வச்சு மத்தவங்க வயித்தை அளக்காதீங்க. 2020 மார்ச்ல ஷூட்டிங் எல்லாம் நின்னப்போ அரிசி மூட்டைக்கு வரிசையில நின்னவங்க அந்த மத்தவங்கதான்.

மணி அடிச்சிட்டாவ. நடுவர் ஐயா, ஒரு கேள்வியை எதிரணிக்கு வச்சிட்டுப் போறேன். 2020 பிப்ரவரியில சென்னைக்குப் பக்கத்துல ஒரு படப்பிடிப்புத் தளத்துல கிரேன் சரிஞ்சு மூணு பேர் செத்தாவ. 2025 ஜூலையில நாகப்பட்டினம் மாவட்டத்துல, காரைப் பறக்க விடுற காட்சியில ஒரு சண்டைக் கலைஞர் உயிர் போச்சு. நாளைக்கு நம்ம ஊருப் பிள்ளை ஒண்ணு துணை நடிகராப் போய் செட்டுல விழுந்து கால் ஒடிஞ்சு கிடந்தா, ஆஸ்பத்திரிச் செலவு யாரோடது, வேலைக்குப் போக முடியாத மாசங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கணும்? அவனைத் தொழிலாளின்னு சொல்லாம இதுக்கு எதிரணியில யாராவது பதில் சொல்லட்டும். வணக்கம்.