ஆண்டுப் பட்டியலுக்காக ஓடும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

ஜனவரி முதல் தேதி காலையில், பறவை நோக்கர்களுக்குக் காக்கையும் புதுப் பறவைதான். ஓர் ஆண்டில் பார்த்த பறவை இனங்களை எழுதிவைக்கும் பழைய ஆண்டுப் பட்டியல் முந்தைய இரவோடு முடிந்துவிட்டது. காக்கை, புறா, சிட்டுக்குருவி என்று எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எழுதலாம். முதல் மாதம் பட்டியல் மளமளவென்று வளரும். வலசைப் பறவைகள் வரும் பருவத்தில் இன்னொரு பாய்ச்சல் இருக்கும். அப்புறம் அப்படியே நின்றுவிடும். அதற்கு மேல் ஒன்று கூட வேண்டுமென்றால், வழக்கமாக அங்கே வராத பறவை ஒன்று எங்காவது வந்து இறங்க வேண்டும். செய்தி கிடைத்ததும் நாம் கிளம்ப வேண்டும். அந்த ஓட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இதில் பெரிய சாதனைகள் உண்டு. 2015-இல் நோவா ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்கப் பறவை நோக்கர் ஏழு கண்டங்களிலும் சுற்றி, ஒரே ஆண்டில் 6,042 இனங்களைப் பார்த்தார். அடுத்த ஆண்டே நெதர்லாந்துக்காரர் ஒருவர் அதைத் தாண்டிவிட்டார். எனக்குப் பிடித்தது 2014-இல் டோரியன் ஆண்டர்சன் என்ற பறவை நோக்கர் செய்ததுதான். அமெரிக்கா முழுக்கச் சைக்கிளிலேயே போய் 618 இனங்களைப் பார்த்தார். சைக்கிளில் போகிறவர் காதில் விழுகிற ஒவ்வொரு செய்திக்கும் ஓட முடியாது. எதற்குப் போவது, எதை விடுவது என்று யோசித்தே ஆக வேண்டும். காரும் விமானமும் வைத்திருப்பவர்களும் அப்படித்தான் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

என்ன யோசிப்பது? அந்தப் பறவை நாளைக்கும் அங்கே இருக்குமா என்பதைத்தான். வாத்து இனம் ஒன்று ஏரியில் இறங்கியிருக்கிறது, அங்கே இரையும் நிறைய இருக்கிறது என்றால், பல நாள், சில சமயம் வாரக்கணக்கில்கூடத் தங்கும். வார இறுதி வரை பொறுக்கலாம். கதிர்க்குருவி போன்ற சிறு பறவைகள் வேறு மாதிரி. அவற்றில் பல இரவில்தான் வலசை போகின்றன. பகல் முழுக்கத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும். அந்தி சாய்ந்தபின் வானம் தெளிவாக இருந்து, காற்றும் பின்னாலிருந்து வீசினால் பறந்துவிடும். மழையோ எதிர்க்காற்றோ இருந்தால் பெரும்பாலும் தங்கிவிடும். ஆகவே வழியைப் பார்ப்பதற்கு முன்னால், அன்றிரவு வானிலை எப்படி என்று பாருங்கள்.

சரி, இவை ஏன் வழி மாறி வருகின்றன? புயல் கடற்பறவைகளை உள்நாட்டுக்குத் தள்ளிவிடும். வசந்தத்தில் சில பறவைகள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும். முதல் முறை வலசை போகும் இளம் பறவைகள் பல, பெற்றோர் துணையில்லாமல், பிறவியிலேயே பதிந்த திசையறிவை நம்பித்தான் பறக்கின்றன. அதில் கொஞ்சம் பிசகினால் வேறு கண்டத்தில் போய் இறங்கும். மஞ்சள்புருவக் கதிர்க்குருவி சைபீரியக் காடுகளில் கூடு கட்டும், குளிர்காலத்துக்குத் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகும். ஆனால் இலையுதிர் காலம்தோறும் அவற்றில் ஒரு பகுதி மேற்கு ஐரோப்பாவுக்கு வந்து சேர்கிறது. அந்தக் குருவியின் எடை 10 கிராம்கூட இருக்காது!

ஸ்டெல்லர் கடற்கழுகின் கதை இன்னும் வியப்பானது. ரஷ்யாவின் கிழக்குக் கடற்கரைக்கு உரிய பிரம்மாண்டமான கழுகு அது. ஒன்று மட்டும் 2020-இல் அலாஸ்காவின் உட்பகுதியில் தென்பட்டது. 2021-இல் டெக்சாஸில் ஒரு கடற்கழுகைப் பார்த்தார்கள். பிறகு கிழக்குக் கனடாவிலும், அந்த ஆண்டு டிசம்பரில் மாசசூசெட்ஸிலும், அடுத்து மேய்ன் மாநிலத்திலும் கண்டார்கள். இறக்கையிலுள்ள வெள்ளைக் குறிகளை ஒப்பிட்டுத்தான் அலாஸ்காவில் பார்த்த அதே பறவை கிழக்குக்கரை வரை வந்திருக்கிறது என்று சொன்னார்கள். அதைப் பார்க்க மக்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

இன்னொன்று. அரிய பறவை ஒன்றைத் தேடி நிறையப் பேர் ஓரிடத்துக்கு வந்தால், அங்கேயே வேறு அரிய பறவைகளும் கண்ணில் படும். அரிசோனாவில் படகோனியா என்ற ஊருக்குப் பக்கத்தில் சாலையோர ஓய்விடம் ஒன்றில் இப்படி நடந்து, அந்த இடத்தின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. தேடிப் போன பறவையைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். அக்கம்பக்கத்துப் புதர்களையும் பாருங்கள். பிறர் சொன்னதைப் போய்ப் பார்ப்பதைவிட, நாமே ஒன்றைக் கண்டுபிடித்துப் பிறருக்குச் சொல்வதில் உள்ள மகிழ்ச்சி பெரிது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்படி வந்திருக்கும் பறவை பெரும்பாலும் களைத்துப் பசித்திருக்கும். அதைப் படத்துக்காகக் கிளப்பிவிடுவதும், பதிவுசெய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு வெளியே வரவழைப்பதும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அது இரை தேடும் நேரத்தை நாம் பறித்துவிடுகிறோம். அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் நுழையாதீர்கள். கூடு இருக்கும் இடத்தைப் பரப்பாதீர்கள். பறவை நோக்கர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிவிடுவதற்காக 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் இணையதளமே, ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய சில இனங்களின் இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்துத்தான் வைக்கிறது.

போன இடத்தில் பறவை இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை தேடினீர்கள், காற்று எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பதிவிடுங்கள். கிளம்பலாமா வேண்டாமா என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருப்பவருக்கு அது மிகவும் உதவும். நன்றி, வணக்கம்.