எம்.பில். சீட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ சைக்காலஜி படித்த பிள்ளை ஒன்று இருக்கலாம். பி.எஸ்ஸி. ஆயிற்று, எம்.எஸ்ஸி.யும் ஆயிற்று. "அப்புறம் என்னம்மா, கிளினிக் வைக்க வேண்டியதுதானே?" என்று நாம் கேட்கிறோம். அந்தப் பெண் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நான் கல்லூரியில் உளவியல் கற்பிப்பவள். ஒவ்வொரு கோடையிலும் இப்படி மழுப்பும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இன்று பேச வந்தேன்.

மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள எம்.எஸ்ஸி. போதாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும். இத்தனை ஆண்டுகளாக அதற்குப் பெரிய வழி, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய இரண்டு வருட எம்.பில்.தான். 1955-இல் பெங்களூரில், இன்று நிம்ஹான்ஸ் என்று நாம் சொல்லும் மனநல மருத்துவ நிறுவனத்தில் தொடங்கிய பயிற்சியின் வழித்தோன்றல் அது.

ஆனால் இந்தப் படிப்புக்கு இடங்கள் மிகக் குறைவு. ஏன்? நோயாளியின் முன்னால் உட்கார்ந்து கற்க வேண்டிய படிப்பு இது. மாணவர் எழுதும் ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் அனுபவமுள்ள ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். ஓர் ஆசிரியருக்கு இத்தனை பேர்தான் என்று விதியே இருக்கிறது. அந்த விதி நல்ல விதி, அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஆனால் நாட்டின் தேவையைப் பாருங்கள். 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நூறு பெரியவர்களில் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. ஆட்கள் வேண்டும், படிக்கப் பிள்ளைகளும் தயார். நடுவில் கற்றுக்கொடுப்பவர்கள்தான் போதவில்லை.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம். எம்.பில்.லுக்கு நீட் போல ஒரே நுழைவுத் தேர்வு இருந்ததில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனித் தேதி. இன்று பெங்களூர், அடுத்த வாரம் சென்னை, அதற்குள் ராஞ்சியிலிருந்து ஹால் டிக்கெட். இரண்டு தேர்வு ஒரே நாளில் வந்தால் ஒன்றை விட்டுவிட வேண்டியதுதான். ரயில் டிக்கெட், தங்கும் இடம், துணைக்கு அப்பாவோ அண்ணனோ வந்தால் அவருக்கு ஒரு நாள் சம்பளப் பிடித்தம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை எழுதும் தேர்வுகளின் எண்ணிக்கையே குறைந்துபோகிறது. மதிப்பெண்ணைப் பார்க்கும் முன்பே பணம் வடிகட்டிவிடுகிறது.

இதைவிட என்னை வருத்துவது நேர்முகத் தேர்வு. என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். கிராமத்துப் பெண். அப்பாவுக்குக் குடிப்பழக்கம், அம்மா தையல் வேலை. எழுத்துத் தேர்வில் தேறி, ஒரு நாளுக்கு மேல் ரயிலில் போய் நேர்முகத்தில் உட்கார்ந்தாள். "இந்தத் துறைக்கு ஏன் வர நினைக்கிறாய்?" என்று கேட்டார்கள். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். தன் வீட்டில் இரவுகள் எப்படி இருக்கும், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று சொன்னாள். தலையாட்டிக் கேட்டார்கள், நன்றி சொன்னார்கள். பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அப்புறம் பல மாதங்கள் அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "மேடம், அப்பாவைப் பற்றிச் சொன்னதால்தான் எடுக்கவில்லை. எனக்கே பிரச்சினை இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்." உண்மையில் என்ன நடந்தது? அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுத்துத் தேர்வு மதிப்பெண் அரை மார்க் குறைவாக இருந்திருக்கலாம். வேறொருவர் இன்னும் நன்றாகப் பேசியிருக்கலாம். காரணம் சொல்லப்படவில்லை. அந்த வெற்றிடத்தில் அவள் தன் அப்பாவைக் கொண்டுபோய் வைத்தாள்.

பொறியியல் சீட் கிடைக்காத பையன், கணக்கு சரியாகப் போடவில்லை என்று நினைப்பான். உளவியல் சீட் கிடைக்காத பிள்ளையோ, தன் மனமே சரியில்லை போலிருக்கிறது என்று நினைக்கும். பாடத்தில் படித்த நோய்ப் பெயர்களையெல்லாம் தன்மேல் ஒட்டிப் பார்க்கும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நிறுவனங்கள் காரணம் சொல்ல வேண்டும். நீண்ட கடிதம் வேண்டாம். எழுத்தில் இவ்வளவு, நேர்முகத்தில் இவ்வளவு, கடைசியாக இடம் பெற்றவர் எடுத்தது இவ்வளவு. மூன்று எண்கள் போதும். அந்த மூன்று எண்கள் கையில் இருந்திருந்தால் என் மாணவி அத்தனை மாதங்கள் தன் அப்பாவைப் பற்றி யோசித்திருக்க மாட்டாள். இதை எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கேட்கிறேன், வானொலியிலும் கேட்கிறேன்.

அந்தப் பெண் இன்று ஒரு பள்ளியில் ஆலோசகராக இருக்கிறாள். மறுபடி விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள்.

நேரம் முடியப்போகிறது என்று உள்ளிருந்து சைகை காட்டுகிறார்கள். பாடத்திட்ட மாற்றங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை எம்.பில். பட்டத்தை நிறுத்தச் சொன்னது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அனுமதி நீட்டித்தது. ஆர்.சி.ஐ. புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. எனவே விண்ணப்பிக்கும் முன், அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்திலேயே பாருங்கள். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்று. முடிவு வரும் வாரத்தில் உறவினர்களின் தொலைபேசியை நீங்களே எடுத்துப் பேசுங்கள், பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். எண்ணை மறுபடி சொல்கிறேன், 1-4-4-1-6. நன்றி, வணக்கம்.