தம்பியா, டாக்டரா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மருத்துவமனையில் பணிபுரிபவர்களை நோயாளி எப்படி அழைப்பது மரியாதை, உறவு சொல்லியா, பணியைச் சொல்லியா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "அக்கா என்று அழைத்துப் பாருங்கள், ஊசிகூட வலிக்காது" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் ஊசி வலிக்கத்தான் செய்யும்.

என் தந்தை வார்டில் படுத்திருந்தார். அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. வெள்ளை அங்கியோடு ஓர் இளைஞர் உள்ளே வந்ததும், "தம்பி, அப்பாவுக்குப் பென்சிலின் ஆகாது, குறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "ஐயா, நான் எக்ஸ்ரே எடுக்க வந்தவன். இதைச் செவிலியரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்" என்றார். நல்ல மனிதர், திரும்பி வந்தார். வராமல் போயிருந்தால்? நான் சொன்ன 'தம்பி'யில் பாசம் இருந்தது, நடுவர் அவர்களே. அவர் யார் என்று கேட்கும் அக்கறைதான் இல்லை.

இன்னொரு காட்சி. பெண் மருத்துவர் வந்து நாடி பார்த்து, மருந்தை மாற்றி எழுதி, பத்து நிமிடம் நின்று விளக்குகிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நோயாளி சொல்கிறார்: "சரி சிஸ்டர், டாக்டர் எப்போது வருவார்?" அடுத்து ரத்த அழுத்தம் பார்க்க ஆண் செவிலியர் வந்தால், "வாருங்கள் டாக்டர்!" செவிலியம் குறைந்த வேலை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதுவும் படித்துப் பெற்ற தகுதிதான். அவரை டாக்டர் என்று உயர்த்துவதாக நினைத்து அவருடைய தொழிலையே அழித்துவிடுகிறோம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நோயாளிகள் மருத்துவர்களுக்கு அனுப்பிய செய்திகளைப் பற்றி 2022-இல் ஓர் ஆய்வு வெளியானது. பட்டத்தை விட்டு வெறும் பெயரால் அழைக்கப்படும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண் மருத்துவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

"யார் யார் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2013-இல் புற்றுநோயோடு படுத்திருந்த இங்கிலாந்து மருத்துவர் கேட் கிரேஞ்சருக்கும் இதே குறைதான்: வருகிறவர்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. "ஹலோ, என் பெயர்..." என்று சொல்லிப் பழகுங்கள் என ஓர் இயக்கமே தொடங்கினார். மருத்துவருக்கே தெரியவில்லை என்றால் நமக்குத் தெரியாததில் வெட்கம் என்ன? "நீங்கள் மருத்துவரா, செவிலியரா? எப்படி அழைக்கட்டும்?" என்று கேட்டுவிடலாம். பிரிட்டனில் அறுவை மருத்துவர்கள் பலர் 'டாக்டர்' அல்ல, 'மிஸ்டர்' என்றே அழைக்கப்படுகிறார்கள். அங்கே போய் நாமாக ஒன்றை ஊகித்தால் அதுவும் தவறாகும்!

வலியில் துடிப்பவர் அம்மா என்றாலும் ஐயோ என்றாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நான் பேசுவது, பேசும் தெம்பு உள்ள நோயாளியையும், கட்டில் அருகே நின்று கை சொடுக்கி "ஏம்மா, இங்கே வா" என்கிற உறவினரையும் பற்றி. கேட்டால், உரிமை என்பார்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணித் தலைவர் பேசியபோது எண்ணிக்கொண்டே இருந்தேன். உறவு சொல்லி அழைப்பதே மரியாதை என்று வாதாடிய அவர், உங்களை ஏழு முறை அழைத்தார். ஏழு முறையும் "நடுவர் அவர்களே" என்றுதான் அழைத்தார். ஒருமுறைகூட "அண்ணா" என்று சொல்லவில்லை.