வயது சொல்லாத செலவு

நேயர்களுக்கு வணக்கம். 75 வயதான இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம்; சாப்பிடும் மாத்திரைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் சிரமமின்றி மாடிப்படி ஏறுகிறார். மற்றவரால் கைப்பிடியை அழுத்தாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. வயதையும் நோயையும் மட்டும் பார்க்கும் காப்பீட்டுக் கணக்கில் இருவருக்கும் ஒரே செலவுதான் வரும். அது தப்புக் கணக்கு.

இரண்டாமவருக்கு இருப்பது தளர்ச்சி. உடலின் கையிருப்பு குறைந்துவிட்ட நிலை. சாதாரணச் சளிக்காய்ச்சலில் நாலு நாள் படுத்தால் போதும், கால் தசை கரையும்; எழுந்து நடக்கும்போது விழுவார்; இடுப்பெலும்பு முறியும். அப்புறம் அறுவை சிகிச்சை, நீண்ட மருத்துவமனை வாசம், வீட்டில் ஆள் வைத்துப் பார்ப்பது. மாத்திரைக்கு ஆகும் செலவு இதில் சொற்பம்.

இதை அளக்க முடியுமா? முடியும். அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீடின் குழு 2001இல் ஐந்து அடையாளங்களைச் சொன்னது: தானாக எடை குறைவது, அசதி, பிடிவலுக் குறைவு, நடை வேகக் குறைவு, உடலுழைப்புக் குறைவு. மூன்று இருந்தால் தளர்ச்சி. நடையைச் சோதிக்க 15 அடி தூரமும் ஒரு நிறுத்துக்கடிகாரமும் போதும். கனடா மருத்துவர் ராக்வுட் குழுவினரின் வழி வேறு. நோய்கள், அன்றாட வேலையில் சிரமம் போன்ற 40 குறைபாடுகளைக் கேட்டு, அதில் 10 இருந்தால், தளர்ச்சிக் குறியீடு 10/40, அதாவது 0.25. இங்கிலாந்தில் 2016இல் வெளியான மின்னணுக் குறியீடு, குடும்ப மருத்துவரின் பதிவேட்டிலிருந்தே 36 குறைபாடுகளைக் கணக்கிடுகிறது. யாரையும் நடக்கவைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் முதியோரை முழுப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் பேஸ் திட்டத்துக்கு, குளிக்க, உடுத்த, நடக்க எத்தனை பேருக்குச் சிரமம் என்பதைப் பொறுத்துக் கூடுதல் தொகை தருகிறார்கள். சரியான ஏற்பாடு என்பேன். நோய்ப் பெயருக்கு மட்டும் பணம் தந்தால், தளர்ந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனம் நட்டப்படும்; சேர்க்காமல் நழுவப் பார்க்கும்.

ஆனால் இந்த அளவுகள் ஆயிரம் பேரின் மொத்தச் செலவுக்குத்தான் ஓரளவு பொருந்தும். ஒரு தனி மனிதருக்கு ஆகப்போகும் செலவை இவற்றால் துல்லியமாகச் சொல்ல முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. துணையின்றி, மருத்துவமனைக்கே போக முடியாமல் வீட்டோடு கிடப்பவரின் பெயரில் செலவே பதிவாகாது. பழைய செலவை மட்டும் வைத்து வருங்காலத்தைக் கணிக்கும் கணினி, அவரை ஆரோக்கியமானவர் வரிசையில் சேர்த்துவிடும்.